ஒரே ஆலாபனையை நாள்தோறும் கேட்கும் மகன்: ஆட்டிசமும் இசை ரசனையும்

கேள்வி: கோத்தகிரித் தாய்

வணக்கம். ஆட்டிசம் உள்ள என் பதினான்கு வயது மகன், வயலினில் வாசிக்கப்பட்ட மோகன ராக ஆலாபனை ஒன்றைப் பல மாதங்களாக நாள்தோறும் கேட்டு வருகிறான். அதே ராகத்தை வேறொரு வித்வான் வாசித்த பதிவை ஒலிக்கவிட்டால் உடனே நிறுத்திவிடுகிறான். ஊர்த் திருவிழாவில் ஒலிபெருக்கி ஒலிக்கத் தொடங்கினாலோ, காதைப் பொத்திக்கொண்டு தேயிலைத் தோட்டத்துப் பக்கம் ஓடுகிறான். அவனுக்கு இசையில் ரசனை இல்லை, இது வெறும் பழக்கம் என்று உறவினர்கள் சொல்வது என்னை வருத்துகிறது. வேறு இசையைக் கேட்க அவனைப் பழக்க வேண்டுமா?

பதில்: குன்னூர் வாசகர்

அம்மா, நானும் ஆட்டிசம் உள்ளவன். அடுத்து என்ன வரும் என்பது தெரிந்திருக்கும்போதுதான் என் மனம் பதற்றமின்றி ஒலிக்குள் செல்கிறது. ஒரு நாள் வில் தந்தியைத் தொடும் கணத்தையும், இன்னொரு நாள் காந்தார சுரத்தின் அசைவையும், வேறொரு நாள் பின்னால் இழையும் தம்புராவையும் மட்டுமே கேட்பேன். சுருதி அரைக் கட்டை மாறினால்கூட எனக்கு அது வேறு இசையாகிவிடுகிறது. ஆகவே உங்கள் மகன் மற்றொருவரின் மோகனத்தை ஏற்காததில் எனக்கு வியப்பில்லை. சத்தத்தைப் பொறுத்தவரை, கல்லாருக்கும் குன்னூருக்கும் இடையே மலை ரயில் பற்சக்கரப் பாதையில் ஏறும்போது எழும் சீரான தாளத்தை விரும்பிக் கேட்கும் என்னால், அதே எஞ்சினின் ஊதலைத் தாங்க முடிவதில்லை.

பதில்: உதகை இசை ஆசிரியை

சகோதரி, உறவினர்களின் கருத்தை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை. மனநல மருத்துவர் லியோ கானர் 1943இல் ஆட்டிசம் குறித்து எழுதிய கட்டுரையில் விவரித்த 11 குழந்தைகளுள் ஒருவன், ஒரு வயதிலேயே பல மெட்டுகளைப் பிழையின்றி முணுமுணுத்தவன். இசையிலுள்ள மகிழ்ச்சியையும் சோகத்தையும் ஆட்டிசம் உள்ள குழந்தைகள் மற்றவர்களைப் போலவே இனங்காண்பதாகப் உளவியலாளர் பமீலா ஹீட்டனும் உடன் ஆய்வாளர்களும் 1999இல் காட்டினர். ஒலி போன்ற புலனுணர்வுகளில் மிகைக் கூர்மையோ குறைந்த கூர்மையோ இருப்பதை, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடு ஆட்டிசத்தைக் கண்டறியும் கூறுகளுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. ஒரே குழந்தையிடம் இரண்டும் இருக்கக்கூடும். அதனால்தான் ரசனைகளும் பெரிதும் வேறுபடுகின்றன. என்னிடம் பயிலும் ஒரு சிறுமிக்கு, நீலகிரிப் பழங்குடியினரான கோத்தர்கள் வாசிக்கும் கொள் என்னும் குழலையும் பறைகளையும் மிக அருகில் நின்று கேட்டால்தான் நிறைவு.

கோத்தகிரித் தாய்

இருவருக்கும் நன்றி. அப்படியானால் புதிய இசையை அவனிடம் கொண்டுசெல்லவே கூடாதா?

உதகை இசை ஆசிரியை

கொண்டுசெல்லலாம், ஆனால் அவனுடைய மோகனத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொன்றை வைக்காதீர்கள். அதே வயலின் வித்வான் அதே சுருதியில் வாசித்த வேறொரு ராகத்தை, அவன் விரும்பும்போது தானே தேர்ந்து கேட்கும்படி, அந்தப் பதிவுக்கு அடுத்ததாகச் சேர்த்துவையுங்கள். ஒலியளவு எப்போதும் அவன் கையிலேயே இருக்கட்டும். திருவிழாவுக்குச் செல்லும்போது காதுக்கவசம் எடுத்துச் செல்லுங்கள். அவன் விலகி நிற்க விரும்பினால் அனுமதியுங்கள்.