மறு: நோட்லிஸ்ட் – தமிழில் என்ன சொல்லலாம்?

> "தொடுப்புப் பட்டியல்" என்றே வைத்துவிடலாமே. தொடுப்பு ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிற சொல்தானே?

வணக்கம் ஐயா.

நோட்லிஸ்ட் என்பது ஃபிடோநெட் என்ற கடித வலையில் இருக்கும் கணினிகளை ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியாக அடுக்கிய பட்டியல். அதற்கான தமிழ் உதவிக் கோப்புக்குத்தான் இந்தச் சொல் தேடல். தொடுப்பு வேண்டாம். மதுரைப் பக்கம் "அவனுக்கு அங்கே ஒரு தொடுப்பு இருக்கு" என்றால் அர்த்தமே வேறு. இந்த உதவிக் கோப்பை எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டப்போகிறவன் நான். அவர்கள் முன்னால் அந்தச் சொல் என் வாயில் வராது.

'தொலைபேசிக் கையேடு' என்று இன்னொரு நண்பர் எழுதியிருந்தார். ஆரம்ப காலத்துக்கு அது சரி. 1984இல் டாம் ஜென்னிங்ஸ் ஃபிடோநெட்டைத் தொடங்கியபோது ஒரு பிபிஎஸ் (வெளியிலிருந்து உள்ளே வந்து கடிதம் போடும் கணினி அறிவிப்புப் பலகை) இன்னொன்றுக்குப் போன் போட்டுத்தான் கடிதங்களைக் கைமாற்றியது. இன்றைக்குப் பெரும்பாலும் இணையம் வழிதான். போன் எண் இருக்கவேண்டிய இடத்தில் பல வரிகளில் 'வெளியிடவில்லை' என்ற பொருளில் ஒரு சொல்தான் நிற்கிறது. டொமைன் பெயர் கடைசியில் குறிகளோடு வருகிறது. இணையத்தில் கடிதம் கைமாற்றும் முறையான பிங்க்பி வழியாகப் பேசும் பிபிஎஸ் என்றால் வழக்கமான போர்ட் (இணைப்பு வாசல் எண்) 24554.

வரியின் அமைப்பைப் பாருங்கள். நிலை, எண், பிபிஎஸ்ஸின் பெயர், ஊர், நடத்துபவர் பெயர், போன், வேகம், அப்புறம் குறிகள். எல்லாம் காற்புள்ளி போட்டுப் பிரித்த ஒரே வரியில். பெயருக்குள் இடைவெளி கூடாது, அடிக்கோடு போடவேண்டும்.

சோழவந்தான் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தேன். மொய் எழுதுகிறவர் தலை நிமிராமலே "ஊரு?" என்றார். அப்புறம் "பேரு?". அந்தப் பேரில் அதே ஊரில் ஏற்கெனவே இரண்டு பேர் எழுதியிருந்ததால் "அப்பா பேரு? எந்தத் தெரு?". அதற்குப் பிறகுதான் தொகையைக் கேட்டார். நாளைக்கு அந்த வீட்டு விசேஷத்துக்கு மொய்யைத் திருப்பிச் செய்யப் போகிறவருக்கு அந்த ஒரு வரிதான் வழி. ஊர் தப்பாக விழுந்தால் உறவே கெட்டுப்போகும். நோட்லிஸ்ட் வரியையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். ரூட்டர் மாற்றியபோது என் பிபிஎஸ்ஸின் வரியில் பழைய டொமைன் பெயரை அப்படியே விட்டுவிட்டேன். மூன்று வாரம் ஒருவர்கூட உள்ளே வரவில்லை. அத்தனை பேரும் மூடிய கதவைத் தட்டிவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள்.

அதனால் பட்டியலுக்கு மட்டும் பெயர் வைத்தால் போதாது, ஒவ்வொரு வரிக்கும் ஒரு பெயர் வேண்டும். 'பதிவு' ஆகாது, அது வலைப்பதிவோடு போய்விட்டது. 'முகவரி'யும் போதாது, ஏனென்றால் வேகமும் நேரமும்கூட இதில் இருக்கின்றன. நான் சொல்வது 'கணுவரி'. நோடுக்குக் கணு என்பது நமக்குப் பழகியதுதான். அலங்காநல்லூர்ப் பக்கம் கரும்புக் கரணை வெட்டும்போது கணுவில் பரு நன்றாக இருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுப்பார்கள். முளை அங்கேயிருந்துதான் வரும். வலைக்கும் அதே கதைதான்.

முழுப் பட்டியலுக்குக் 'கணுப்பட்டி' என்று கேட்டவருக்கு: காதுக்கு உசிலம்பட்டி மாதிரி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மெனுவுக்குப் பட்டி என்று ஏற்கெனவே எழுதுகிறோமே, குழப்பம் வரும். 'கணுப்பட்டியல்' இருக்கட்டும். வாராவாரம் மாறியதை மட்டும் தாங்கி வரும் கோப்புக்கு 'கணுத்திருத்தம்'.

வாயில் வைத்துப் பாருங்கள்: "ரூட்டர் மாத்தினீங்களே, கணுவரியைத் திருத்தினீங்களா?" எனக்கு இடறவில்லை.

நிலைச் சொற்களில் 'டவுன்' என்பதற்கு 'இயங்கவில்லை' என்றும், 'ஹோல்டு' என்பதற்கு 'நிறுத்திவைப்பு' என்றும் போட்டிருக்கிறேன். நாள் முழுக்கக் கடிதம் வாங்கும் கணுவின் 'சிஎம்' குறிக்கு 'முழுநேரம்' என்று எழுதினேன், அதில்தான் மனம் ஒட்டவில்லை. ஏதோ வேலைக்கு ஆள் எடுப்பது போல ஒலிக்கிறது. வேறு சொல் தோன்றினால் வியாழக்கிழமைக்குள் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை புதிய பட்டியல் வரும்போது கோப்பையும் கூடவே அனுப்பிவிடலாம் என்றிருக்கிறேன்.