வாக்-த்ரூவுக்கு ‘அடியொற்றுச் சோதனை’

> வாக்-த்ரூ, டெஸ்ட் ஆஃப் கன்ட்ரோல்ஸ் இரண்டுக்கும் சேர்த்துக் ‘கட்டுப்பாட்டுச் சோதனை’ என்று வைத்துக்கொண்டால் என்ன தம்பி?

வேண்டாம் அண்ணே. தணிக்கையில் இரண்டும் வேறு வேறு வேலை. தப்பைத் தடுக்கக் கம்பெனி வைத்திருக்கும் ஏற்பாடுதான் கட்டுப்பாடு. அது எப்படி அமைந்திருக்கிறது என்று பார்ப்பது வாக்-த்ரூ. அது ஆண்டு முழுக்க இயங்கியதா என்று பார்ப்பது டெஸ்ட் ஆஃப் கன்ட்ரோல்ஸ்.

நம் மண்டபம் பக்கம் நண்டும் இறாலும் வாங்கும் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கரையில் எடை போட்டுச் சீட்டு எழுதுகிறார்கள். கம்பெனி வாசலில் மறுபடி எடை. மேலாளர் இரண்டையும் ஒத்துப்பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான், முன்பணத்தைக் கழித்துக்கொண்டு, படகுக்காரருக்குப் பணம் போகவேண்டும். தணிக்கையாளர் முதலில் ஒரு சீட்டைப் பிடித்துக்கொண்டு, கரையில் எழுதியது முதல் பேரேட்டில் ஏறுவது வரை அதன் பின்னாலேயே போகிறார். தப்பு எங்கே நுழையலாம், அங்கே கட்டுப்பாடு உண்டா, அதன் அமைப்பு சரியா என்பது அப்போது பிடிபடும். அதனால்தான் வாக்-த்ரூவை ‘அடியொற்றுச் சோதனை’ என்கிறேன்.

அந்த ஒரு சீட்டில் கையெழுத்து இருந்ததால் ஆண்டு முழுக்க இருந்தது என்று ஆகிவிடாது. அதைப் பார்க்கத்தான் டெஸ்ட் ஆஃப் கன்ட்ரோல்ஸ். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அது முடிந்து விசைப்படகுகள் மொத்தமாகக் கடலுக்குப் போய்த் திரும்பும்போது வரத்து குவியும். எடையைப் பார்க்காமலே கையெழுத்துப் போடும் ஆபத்து அப்போதுதான் அதிகம். அந்த நாட்களின் சீட்டுகளும் சோதிக்க எடுக்கும் மாதிரியில் வரவேண்டும். கையெழுத்து இருக்கிறது என்பதோடு விட்டுவிடாமல், இரண்டு எடையையும் தணிக்கையாளர் தானே ஒத்துப்பார்க்க வேண்டும். “தினமும் பார்க்கிறோம் சார்” என்று மேலாளர் சொல்வது மட்டும் சான்றாகாது.

2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 143(3) பிரிவும் போதிய கட்டுப்பாடு இருக்கிறதா, அது ஒழுங்காக இயங்குகிறதா என்று இரண்டையும் கேட்கிறது. (சிறிய தனியார் கம்பெனிகளுக்கு 2017இல் விலக்கு வந்தது, அது தனிக் கதை.)

டெஸ்ட் ஆஃப் கன்ட்ரோல்ஸுக்கு ‘செயல்திறன் சோதனை’ என்று சிலர் எழுதுகிறார்கள். அது ஆளின் திறமையை அளப்பதுபோல் ஒலிக்கிறது. ‘நடப்புச் சோதனை’ என்றால் வங்கி நடப்புக் கணக்கோடு குழம்பும். ‘இயக்கச் சோதனை’ என் தேர்வு.

அப்புறம், கட்டுப்பாடுகளில் காணும் குறைகளின் தரம். சாதாரணக் குறையை ‘குறைபாடு’ என்றும், நிர்வாகத்தை மேற்பார்வையிடும் பொறுப்பில் உள்ளவர்களின் கவனத்துக்குக் கொண்டுபோக வேண்டியதை ‘குறிப்பிடத்தக்க குறைபாடு’ என்றும் சொல்லிவிடலாம். நிதி அறிக்கையில் பெரிய பிழையே கண்ணில் படாமல் போகக்கூடிய அளவுக்கு ஓட்டை இருந்தால் அதை மெட்டீரியல் வீக்னெஸ் என்கிறார்கள். அதற்கு எனக்கு இன்னும் சொல் அமையவில்லை. ‘முக்கியக் குறைபாடு’ முந்தையதோடு மோதுகிறது. கீழக்கரை, தொண்டிப் பக்கம் கணக்குப் பார்க்கும் நண்பர்கள் வேறு சொல் தரமுடியுமா?