புதுப்பிப்பு: செம்பரம்பாக்கத்தின் அந்த இரண்டு அடி

சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரியின் உபரி நீர் அடையாற்றில் போய்ச் சேர்வதால், "24 அடி ஏரியை மழைக்காலத்தில் 22 அடியிலேயே நிறுத்தினால் அடையாறு வெள்ளத்திலிருந்து தப்பிக்கும்" என்று போன இழையில் எழுதியிருந்தேன். பலர் கேள்வி கேட்டதால் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். என் வாதம் பாதிதான் சரி.

முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. மேல் இரண்டு அடியில் மட்டும் தோராயமாக 600. நொடிக்கு 1,000 கன அடி திறந்தால் ஒரு நாளில் வெளியேறுவது 86.4 மில்லியன் கன அடி. அப்படியானால் அந்த இடத்தைக் காலி செய்ய ஒரு வாரம் ஆகும். சென்னை வெள்ளத்தின்போது, 2015 டிசம்பர் 1 இரவு திறந்த நொடிக்கு 29,000 கன அடி வேகத்தில் தண்ணீர் வந்தால்? ஆறு மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும்.

அதனால் எத்தனை அடியில் நிறுத்துகிறோம் என்பதைவிட, எப்போது திறக்கிறோம் என்பதுதான் முக்கியம். 2020இல் நிவர் புயல் நெருங்கியபோது 22 அடியைத் தொட்டதுமே 1,000 கன அடியில் தொடங்கினார்கள். அது நல்ல முடிவு. ஆனால் கோடையில் குடிக்கப்போவதும் இதே தண்ணீர்தானே, திறக்கிறவர் கை நடுங்கத்தான் செய்யும்.

அப்புறம், நான் அடியோடு விட்டது ஒன்று. உபரி நீர் திருநீர்மலை அருகேதான் அடையாற்றில் சேர்கிறது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் மூழ்குவது ஆற்றின் போக்கில் அதற்கும் மேலே, ஆதனூர், மண்ணிவாக்கம் ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீரில். செம்பரம்பாக்கத்தில் மதகையே திறக்காவிட்டாலும் அங்கே வெள்ளம் வரும். முடிச்சூர்க்காரர் ஒருவர் இதைச் சொன்னபோது மறுத்துப் பேசிவிட்டேன், மன்னிக்கவும்.