டெஸ்க்டாப்பில் மட்டும் வீட்டு சர்வர் திறக்கவில்லை, ஆனால் பிங் போகிறது

பரண்பெட்டி (கேள்வி)

வணக்கம். மூன்று நாளாக ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறேன்.

பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் டெபியன் லினக்ஸ் போட்டு, 4 டிபி டிஸ்க் மாட்டி, சாம்பா (விண்டோஸ் கணினிகளோடு கோப்புகளைப் பகிரும் மென்பொருள்) வழியாக வீட்டுக் கோப்புகளையெல்லாம் அதில் வைத்திருக்கிறேன். மானிட்டர், கீபோர்டு எதுவும் கிடையாது. பரணில் உட்கார்ந்திருக்கிறது, ரவுட்டருக்கு நேராகக் கேபிள். முகவரி 192.168.1.50 என்று அந்தப் பெட்டியிலேயே நானே போட்டுவைத்தது. இரண்டு வருடமாக ஒரு முணுமுணுப்பு இல்லாமல் ஓடியது. போன மாதம் டிஸ்க் மாற்றுவதற்காக இரண்டு நாள் அணைத்து வைத்தேன், அவ்வளவுதான்.

இப்போது விண்டோஸ் 11 டெஸ்க்டாப்பிலிருந்து அதைத் திறந்தால் 'நெட்வொர்க் பாதை கிடைக்கவில்லை' என்று வருகிறது. பெயரை விட்டுவிட்டு ஐபி எண்ணையே அடித்தாலும் அதே கதை. இணையம் நன்றாகப் போகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், சர்வருக்கு பிங் ('இருக்கிறாயா?' என்று கேட்கும் சோதனைச் செய்தி) போகிறது! நான்குக்கு நான்கும் பதில் வருகிறது, 1 மில்லி விநாடிக்குள், டிடிஎல் (பதிலோடு வரும் ஓர் எண்) 255. எஸ்எஸ்ஹெச்சில் (தூரத்திலிருந்து சர்வருக்குள் நுழையும் வழி) நுழைந்து பார்க்கலாம் என்றால் 'இணைப்பு மறுக்கப்பட்டது'.

இரவில் படுக்கையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு வைஃபையில் பார்த்தால் எல்லாக் கோப்புறையும் அழகாகத் திறக்கிறது. ஆகவே சர்வரில் தப்பில்லை, டெஸ்க்டாப்பில்தான் ஏதோ.

செய்து பார்த்தவை: கேபிள் மாற்றியாயிற்று. மேசையில் இருக்கும் 5 போர்ட் சுவிட்சில் வேறு துளையில் சொருகியாயிற்று (அந்தச் சுவிட்சில் டெஸ்க்டாப்பும் பிரிண்டரும் மட்டும்தான்). நெட்வொர்க் கார்டின் டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி போட்டேன். ஃபயர்வாலைக் கொஞ்ச நேரம் அணைத்தும் பார்த்தேன். போன மாதமும் இரண்டு தடவை இப்படி ஆகி, நான் எதுவும் செய்யாமலே சரியானது. இந்தத் தடவை மூன்று நாளாகப் பிடிவாதம். நாளை விண்டோஸையே அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவதாக இருக்கிறேன். அதற்கு முன் யாராவது தடுத்தால் நல்லது.

கம்பிச்சுருள்

விண்டோஸை அழிக்க வேண்டாம், இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். நெட்வொர்க் 'பொது' என்று இருக்கிறதா, 'தனிப்பட்டது' என்று இருக்கிறதா பாருங்கள். டிரைவரை நீக்கிப் போட்டால் சில சமயம் 'பொது' ஆகிவிடும். அப்புறம், விண்டோஸ் 11இன் 24ஹெச்2 பதிப்புக்கு மாறினீர்களா? அதன் புரோ பதிப்பில் எஸ்எம்பி (சாம்பா பேசும் கோப்புப் பகிர்வு நெறிமுறை) கையொப்பம் கட்டாயம், கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவையும் அனுமதிக்காது. சாம்பாவில் விருந்தினர் கணக்கு வைத்திருந்தால் அங்கேதான் மாட்டும்.

பரண்பெட்டி

'தனிப்பட்டது' என்றுதான் இருக்கிறது. சாம்பாவில் விருந்தினர் கிடையாது, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உண்டு. சேமித்துவைத்த கடவுச்சொல்லை நற்சான்று மேலாளரிலிருந்து அழித்தும் பார்த்துவிட்டேன். கடவுச்சொல் கேட்கும் பெட்டி வரைக்கும்கூடப் போகவில்லை.

நடுநிசி_பிங்

கம்பிச்சுருள் சொன்னது பொதுவாக நடக்கிற விஷயம்தான், ஆனால் உங்கள் கேள்வியிலேயே இரண்டு இடம் என்னை உறுத்துகிறது.

முதலாவது அந்த டிடிஎல். லினக்ஸ் அனுப்பும் பாக்கெட்டில் (தரவுத் துண்டு) அந்த எண் 64இல் தொடங்கும், விண்டோஸ் என்றால் 128. நடுவில் ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறையும், கூடுவதற்கு வழியே இல்லை. உங்கள் டெபியன் பெட்டி பக்கத்திலேயே இருக்கிறது, எனவே 64 என்றுதான் வரவேண்டும். 255 என்பது ரவுட்டர், பிரிண்டர் போன்ற சின்னச் சாதனங்களில் அடிக்கடி பார்க்கிற எண்.

இரண்டாவது, எஸ்எஸ்ஹெச் 'மறுக்கப்பட்டது' என்பது. யாருமே இல்லாத முகவரி என்றால் காத்திருந்து காத்திருந்து நேரம் முடிந்துபோகும். 'மறுக்கப்பட்டது' என்றால் பெரும்பாலும் அங்கே ஒருவர் இருக்கிறார், 22ஆம் போர்ட்டில் (எஸ்எஸ்ஹெச்சுக்கான வாசல் எண்) எனக்கு வேலை இல்லை என்று கதவைச் சாத்துகிறார் என்று பொருள். உங்கள் டெபியன் அப்படிச் சாத்தாது.

எனக்குத் தோன்றுவது: .50 என்ற முகவரியில் இரண்டு பேர் குடியிருக்கிறார்கள். சோதிப்பது சுலபம். பரணில் ஏறி சர்வரின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள். அப்படியே டெஸ்க்டாப்பிலிருந்து பிங் அடியுங்கள். பதில் வரக்கூடாது. வந்தால் அது வேறு யாரோ.

ஒரு கேள்வியும் உண்டு. லேப்டாப்பில் திறக்கிறது என்றீர்களே, டெஸ்க்டாப்பில் திறக்காத அதே நிமிடத்தில் பார்த்தீர்களா?

பரண்பெட்டி

கேபிள் என் கையில் இருக்கிறது, கீழே மகள் டெஸ்க்டாப்பில் பிங் அடித்துவிட்டு "வருதுப்பா!" என்று கத்துகிறாள். ஏணியிலேயே சிரித்துவிட்டேன்.

ஏஆர்பி பட்டியலையும் (எந்த ஐபி எந்தக் கார்டுடையது என்று டெஸ்க்டாப் வைத்திருக்கும் குறிப்பு) எடுத்துப் பார்த்தேன். டெஸ்க்டாப் காட்டும் மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) 41:07 என்று முடிகிறது. கேபிளை மறுபடி சொருகிவிட்டு, மானிட்டரை மேலே தூக்கிக்கொண்டு போய் சர்வரிலேயே பார்த்தால் அதன் கார்டு 92:30 என்று முடிகிறது. பிறகு பிரவுசரில் 192.168.1.50 என்று அடித்தேன். என் பிரிண்டரின் அமைப்புப் பக்கம் வந்து, கருப்பு மை 30 சதவீதம் இருக்கிறது என்றது.

லேப்டாப் விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான். ஒரே நேரத்தில் நான் பார்க்கவே இல்லை. பகலில் டெஸ்க்டாப், இரவில் லேப்டாப். பிரிண்டரைத் தேவைப்படும்போது மட்டும் போடுவோம். இந்த மூன்று நாளாக மகள் பள்ளிக்கு ஏதோ தொகுப்பு செய்கிறாள் என்று பகல் முழுக்க ஓடுகிறது, இரவில் அணைத்துவிடுவோம். இப்போது பிரிண்டர் ஓடும்போதே லேப்டாப்பிலும் முயன்றேன். திறக்கவில்லை. மூன்று நாளாக அந்த டெஸ்க்டாப்பைத் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டியதுதான்.

ஆனால் இது எப்படி நடந்தது? இரண்டு வருடம் வராத சண்டை இப்போது ஏன்?

நடுநிசி_பிங்

சர்வர் அணைந்திருந்த அந்த இரண்டு நாளில் பிரிண்டரை ஏதாவது செய்தீர்களா?

பரண்பெட்டி

செய்தேன். சும்மா இருந்த நேரத்தில் யுஎஸ்பி கேபிளைக் கழற்றிவிட்டு சுவிட்சில் சொருகினேன். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

நடுநிசி_பிங்

அப்போதுதான் நடந்திருக்கிறது. சர்வரின் முகவரியை அந்தப் பெட்டிக்குள் மட்டும் எழுதினீர்கள், ரவுட்டருக்குத் தெரியாது. ரவுட்டரின் டிஹெச்சிபி (சாதனங்களுக்கு முகவரியைத் தானாகக் கொடுக்கும் வசதி) பங்கிடும் வரிசைக்குள்ளே .50 இருந்திருக்கும். பிரிண்டர் வந்து இடம் கேட்டபோது .50 காலியாகத் தெரிந்தது, கொடுத்துவிட்டது. அதன்பின் குத்தகையின் (முகவரியைக் கொடுத்த கெடு) பாதிக் காலம் கழிந்ததும் பிரிண்டர் அதே எண்ணைப் புதுப்பித்துக்கொள்ளும். அணைத்துப் போட்டாலும் பழைய எண்ணையே கேட்டு வாங்கும். ஆக, தானாக விட்டுக்கொடுக்காது.

பிரிண்டர் அணைந்ததும் சரியாவதற்குக் காரணம் ஏஆர்பி. 1982இல் எழுதப்பட்ட இந்த நெறிமுறையில் 'இந்த முகவரி யாருடையது?' என்று கேட்டால், 'என்னுடையது' என்று யார் சொன்னாலும் நம்பிவிடும், அடையாளம் கேட்காது. இரண்டு பேர் சொன்னால் கேட்டவரின் பட்டியலில் யார் பெயர் நிற்கிறதோ அவருக்குத்தான் பாக்கெட் போகும். விண்டோஸ் அந்தப் பட்டியலில் ஒரு வரியைச் சராசரியாக 30 விநாடிக்குத்தான் புதிதாக வைத்திருக்கும், அதற்குப் பிறகு தேவைப்படும்போது மறுபடி விசாரிக்கும். பிரிண்டர் இல்லையென்றால் சர்வர் மட்டும் பதில் சொல்லும்.

'ஐபி மோதல்' என்று விண்டோஸ் எச்சரிக்கவில்லையே என்று கேட்பீர்கள். தன்னுடைய முகவரியை வேறொருவர் எடுத்தால்தான் அது கூப்பாடு போடும். இங்கே மோதிக்கொள்வது வேறு இரண்டு பேர்.

கம்பிச்சுருள்

நான் வேறு பாதையில் இழுத்துவிட்டேன், மன்னிக்கவும். தீர்வுக்கு: ரவுட்டரில் டிஹெச்சிபி வரிசையை 100 முதல் 200 வரை என்று மாற்றுங்கள். கையால் போடும் முகவரிகளையெல்லாம் 100க்குக் கீழே வையுங்கள். பிறகு ரவுட்டரையும் பிரிண்டரையும் அணைத்துப் போடுங்கள். சில ரவுட்டர்கள் பழைய குத்தகைப் பட்டியலை மறக்காது, அதனால் பிரிண்டருக்கு என்ன எண் வந்தது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பரண்பெட்டி

முடிந்தது. வரிசை 100இலிருந்து. ரவுட்டரை அணைத்துப் போட்டதும் பிரிண்டர் 192.168.1.103க்குப் போய்விட்டது. இப்போது பிங் டிடிஎல் 64, டெஸ்க்டாப்பில் கோப்புறைகள் திறக்கின்றன. பிரிண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே 12 ஜிபி நகல் எடுத்துப் பார்த்துவிட்டேன்.

பத்தே நிமிடத்தில் மகள் வந்து நின்றாள், பிரிண்டர் 'ஆஃப்லைன்' என்கிறதாம். டெஸ்க்டாப்பில் பிரிண்டரின் போர்ட்டை (அச்சு வேலையை அனுப்பும் முகவரி) .50 என்று எழுதிவைத்திருந்தேன். அவள் அனுப்பிய பதினோரு பக்கமும் சர்வரின் கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அதை .103 ஆக்கி, அந்த எண் மாறாமல் இருக்க ரவுட்டரில் பிரிண்டரின் மேக் முகவரிக்கு ஒதுக்கீடும் போட்டுவிட்டேன். மானிட்டர் இன்னும் பரணில்தான் இருக்கிறது, நாளை இறக்க வேண்டும்.