மறு: டிம்மரின் ‘மின்கொள்ளளவு’: தாங்குசுமை, பிடிசுமை எனப் பிரிக்கலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரின் உறையில் அச்சிட்டிருக்கும் வாட் எண்ணை ‘மின்கொள்ளளவு’ எனலாம் என்று போன மடலில் வந்த பரிந்துரை எனக்கு ஒப்பவில்லை. முதல் காரணம், இலங்கைப் பாடநூல்களில் கொள்ளளவம் என்பது மின்தேக்கியின் பண்பைக் குறிக்கும் சொல். அங்கே மின்தேக்கிக்கே கொள்ளளவி என்றுதான் பெயர். இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். கொள்ளளவு என்று சொன்னால், அந்த எண் வரைக்கும் எதை வேண்டுமானாலும் நிரப்பலாம் என்று படிப்பவர் நினைப்பார்.

ஹாலில் ஒரு சரவிளக்கு இருக்கிறது என்று வையுங்கள். 40 வாட் இழைபல்பு 12, ஆக 480 வாட். 400 வாட் என்று போட்ட டிம்மருக்கு இது அதிகம், அதில் சந்தேகமில்லை. சரி என்று எல்லாவற்றையும் 5 வாட் எல்.இ.டி.யாக மாற்றுகிறார்கள். 60 வாட்தானே ஆகிறது, இன்னும் 340 மிச்சமிருக்கிறதே என்று சீலிங் விளக்குகள் அத்தனையையும் அதே டிம்மரில் சேர்த்துவிடுகிறார்கள். ஆனால் அந்த 400 பெரும்பாலும் இழைபல்புக்கான எண். அமெரிக்காவில் விற்கும் 120 வோல்ட் டிம்மர்கள் பலவற்றில் ‘இழைபல்பு 600 வாட், எல்.இ.டி. 150 வாட்’ என்று இரண்டையும் தனித்தனியாகவே போட்டிருப்பார்கள். நான்கில் ஒரு பங்குதான்!

ஏன் இவ்வளவு குறைகிறது? டிரையாக் (மின்னோட்டத்தைத் திறந்து மூடும் மின்னணுச் சுவிட்ச்) வகை டிம்மர் மின்னலையின் ஒவ்வோர் அரைச்சுற்றிலும் முன்பகுதியை வெட்டிவிட்டுப் பாதியில் திறக்கிறது. நமது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அரைச்சுற்று 10 மில்லிநொடி. சரியாக நடுவில் திறந்தால் விளக்கின் மேல் சுழியிலிருந்து 325 வோல்ட் சட்டென்று ஏறும். இழைபல்பு வெறும் மின்தடை, அதற்கு இது ஒரு பொருட்டில்லை. எல்.இ.டி. பல்புக்குள் இருக்கும் மின்சுற்றின் வாசலிலேயே பெரும்பாலும் ஒரு மின்தேக்கி இருக்கும். அது அந்த ஏற்றத்தை ஒரே மூச்சில் இழுக்கும், அதுவும் நொடிக்கு 100 முறை. வாட் கணக்கில் சராசரி சிறியதுதான், ஆனால் டிரையாக் அந்த உச்சத்தைத் தாங்கியாக வேண்டும்.

அதனால்தான் உறையில் உள்ள அந்த வாட் எண்ணைத் தாங்குசுமை என்கிறேன். விளக்கின் வகையைச் சொல்லாமல் இந்தச் சொல்லை எழுதக் கூடாது என்பதையும் வரையறையிலேயே சேர்த்துவிட வேண்டும். வெப்பமும் இதே சொல்லுக்குள் அடங்கும். டிரையாக்கில் ஏறக்குறைய 1 முதல் 1.5 வோல்ட் வரை இழப்பு உண்டு. 1000 வாட் இழைபல்பு என்றால் 4.3 ஆம்பியர், அதாவது மூடிய பெட்டிக்குள் 4 முதல் 6 வாட் வரை சூடு. ஒரே பெட்டியில் இரண்டு, மூன்று டிம்மர்களை ஒட்டி வைத்தால் ஒவ்வொன்றின் எண்ணையும் குறைத்துக் கணக்கிட வேண்டியிருப்பது இதனால்தான். அதைத் தாங்குசுமைக் குறைப்பு எனலாம்.

அடுத்தது கீழ்வரம்பு. ‘குறைந்தபட்சச் சுமை’ தவறில்லை, ஆனால் சுமை குறைந்தால் நல்லதுதானே என்று கேட்பவருக்கு அதில் பதில் இல்லை. டிரையாக் திறந்தபடி இருக்க ஓரளவு மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒற்றை 5 வாட் பல்பால் அதைப் பிடித்து வைக்க முடியாமல் போனால் டிரையாக் இடையிலேயே மூடிக்கொள்ளும், விளக்கு சிமிட்டும். பிடித்து வைக்கத் தேவையான சுமை, ஆகவே பிடிசுமை.

நியூட்ரல் இல்லாத சூட்டிகை (ஸ்மார்ட்) டிம்மரில் இன்னொரு சிக்கல். அணைத்த பிறகும் அது தன் வைஃபைக்கு வேண்டிய மின்சாரத்தை விளக்கு வழியாகவே இழுக்கும், எல்.இ.டி. இருட்டில் மினுக்கும். நம் ஊர் சுவிட்ச்போர்டில் பிளக் பாயிண்ட்டும் சேர்ந்தே இருப்பதால் நியூட்ரல் பெரும்பாலும் கிடைத்துவிடும். கிடைக்காத இடத்தில் இந்த மினுக்கலைத் தடுக்க விளக்குக்கு இணையாகப் பொருத்தும் சிறு பொருளுக்குத் துணைச்சுமை என்ற பெயர் பொருந்தும்.

அரைச்சுற்றின் முன்பகுதியை வெட்டும் டிம்மர், பின்பகுதியை வெட்டும் டிம்மர் என்ற இரு வகைக்கும் ‘முன்விளிம்பு, பின்விளிம்பு’ என்பதைவிட முன்வெட்டு, பின்வெட்டு என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. எந்தப் பக்கம் வெட்டுகிறது என்பது சொல்லிலேயே தெரிகிறது. எல்.இ.டி.க்குப் பொதுவாகப் பின்வெட்டு நல்லது. இரும்புக்கரு மின்மாற்றி உள்ள விளக்குக்கு முன்வெட்டுத்தான். அங்கே பின்வெட்டைப் போட்டால், ஓடும் மின்னோட்டத்தை நடுவில் அறுப்பதால் மின்னழுத்தம் எகிறும்.

ஸ்மார்ட் டிம்மருக்குத் ‘திறன் டிம்மர்’ என்ற பெயர் வேண்டவே வேண்டாம். தமிழ்நாட்டு இயற்பியல் நூலில் வாட் என்பதே திறனின் அலகு. ‘திறன் டிம்மரின் திறன்’ என்று எழுத நேரும். ‘சூட்டிகை’ ஏற்கெனவே புழங்குகிறது, அதையே வைத்துக்கொள்வோம். டிம்மருக்கு நூல்வழக்கில் ஒளிதணிப்பி வரட்டும். அடுப்பைத் தணித்து வை என்று சொல்கிறோமே, அந்தத் தணிதான். கடையில் டிம்மர் என்றே கேட்கட்டும்.

சுவிட்சைப் போட்ட கணத்தில் குளிர்ந்த இழை வழக்கமான அளவைப் போல் பத்து மடங்குக்கும் மேல் மின்னோட்டத்தை இழுக்கிறதே, அதற்கு மட்டும் நல்ல சொல் எனக்கு அமையவில்லை. ‘தொடக்கப் பாய்ச்சல்’ என்று எழுதிப் பார்த்தேன். ஆனால் டிம்மரில் அரைச்சுற்றுதோறும் வரும் பாய்ச்சலுக்கு அது பொருந்தாது. இரண்டுக்கும் சேர்த்து ஒரு சொல்லா, தனித்தனியா? வயரிங் வேலையில் இருப்பவர்கள் இதை எப்படிச் சொல்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.