சிகாகோவில் பிடிபடும் கைத்துப்பாக்கி: முதல் கடைவரை எப்படிப் போகிறார்கள்?

ஓரக்கண்:
சிகாகோ நகர நிர்வாகம் 2017-ல் வெளியிட்ட அறிக்கையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். 2013 முதல் 2016 வரை ஆண்டுக்கு ஏறக்குறைய 7,000 துப்பாக்கிகள் பிடிபட்டிருக்கின்றன. வரிசை எண்ணைக் கணினியில் தட்டினால் வாங்கியவர் பெயர் வந்துவிடாதா? ஏன் நாள்கணக்கில் இழுக்கிறது? நூல் எங்கே அறுகிறது?

தடயன்:
வராது. அப்படியொரு தேசியப் பதிவேடு வைத்துக்கொள்வதையே 1986-ம் ஆண்டுச் சட்டம் தடுத்திருக்கிறது. நடப்பது இதுதான்: போலீஸ் இ-டிரேஸ் என்ற இணையவழித் தேடல் முறையில் விவரத்தை ஏற்றும். மேற்கு வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்பர்க்கில் இருக்கிற ஏ.டி.எஃப். (துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் அமெரிக்க மத்திய அமைப்பு) தேடல் மையம் முதலில் தயாரிப்பாளரிடமோ இறக்குமதியாளரிடமோ கேட்கும். அவர் மொத்த வியாபாரியைக் காட்டுவார், மொத்த வியாபாரி கடைக்காரரைக் காட்டுவார். கடைக்காரர் தன் பேரேட்டைப் பார்த்து, வாங்கியவர் நிரப்பிக் கொடுத்த 4473 படிவத்தை எடுத்துத் தர வேண்டும். 24 மணி நேரத்துக்குள் பதில் சொல்வது அவருக்குச் சட்டக் கட்டாயம்.

இழுப்பது பெரும்பாலும் கடை மூடப்பட்டிருந்தால்தான். அந்தக் கடையின் ஏடுகள் அட்டைப்பெட்டிகளில் மார்ட்டின்ஸ்பர்க்குக்கு வரும். அவற்றை ஸ்கேன் செய்தாலும் படமாகத்தான் வைக்கலாம், பெயர் போட்டுத் தேட முடியாது. கடையின் உரிம எண்ணை வைத்து அந்தக் கட்டைத் திறந்து, பக்கம் பக்கமாக ஆள் புரட்ட வேண்டும். காகிதப் பாரம் தாங்காது என்று கட்டடத்துக்கு வெளியே கப்பல் கொள்கலன்களில் அடுக்கிய காலமும் உண்டு!

நூல் அறுவது முதல் சில்லறை விற்பனையில். கடையில் வாங்கியவர் பக்கத்து வீட்டுக்காரருக்கு விற்றிருந்தால் தேடலில் அது தெரியாது. அங்கிருந்து கால்நடையாகப் போய் விசாரிப்பதுதான் வழி.

இரும்புரேகை:
பல தேடல்கள் தொடக்கத்திலேயே கெடுகின்றன, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெறும் எண் போதாது. ஒரே எண்ணை இரண்டு நிறுவனங்கள் போட்டிருக்கலாம். தயாரிப்பாளர், மாடல், குண்டின் அளவு, நாடு, இறக்குமதியாளர் பெயர் எல்லாம் வேண்டும். துருக்கி, பிரேசில் துப்பாக்கிகளில் இறக்குமதியாளர் முத்திரை பொடி எழுத்தில் இருக்கும். அதை விட்டுவிட்டால் மார்ட்டின்ஸ்பர்க் யாரிடம் போய்க் கேட்கும்?

கிளாக் கைத்துப்பாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கியின் உடல்சட்டத்தின் (ஃபிரேம்) அடிப்பக்கம் பிளாஸ்டிக்கில் பதிந்த சின்ன உலோகத் தகடு, மேல்சறுக்கி, குழல் என மூன்று இடத்தில் எண் இருக்கும். சறுக்கியும் குழலும் கழற்றி மாட்டக்கூடியவை. எண்கள் மூன்றும் ஒத்துப்போகவில்லையா, உடல்சட்டத்தில் இருப்பதுதான் கணக்கு. மற்றதையும் தனியாகக் குறித்து வையுங்கள். இங்கே நடக்கும் தவறு: 0-வை ஓ என்று படிப்பது, 8-ஐ பி என்று படிப்பது, காப்புரிமை எண்ணை வரிசை எண்ணாக எழுதிவிடுவது. போட்டோ இல்லாமல் அனுப்பாதீர்கள்.

ஓரக்கண்:
எண்ணை ராவி எடுத்திருந்தால்?

இரும்புரேகை:
எஃகு என்றால் பெரும்பாலும் வாய்ப்பு உண்டு. எண்ணை அச்சடித்தபோது அதன் அடியிலிருக்கும் உலோகமும் நசுங்கி இறுகியிருக்கும். ஆய்வகத்தில் அந்த இடத்தைக் கண்ணாடிபோல மெருகேற்றி, செம்புக் குளோரைடு கலந்த அமிலத்தைப் பஞ்சில் தொட்டுத் தடவினால் இறுகிய இடம் வேறு விதமாக அரித்து, உரு எழும்பும். எழும்பிய கையோடு மங்கவும் செய்யும், அதனால் கேமராவைத் தயாராக வைத்துக்கொண்டு தொடங்க வேண்டும். மெருகேற்றுவதில் அவசரப்பட்டால் மிச்சமும் போய்விடும். ஓர் இலக்கம் மட்டும் தெரியவில்லை என்றால் பத்து எண்கள்தானே, வைத்துத் தேடலாம்.

கணக்குப்பிள்ளை:
அறிக்கையைப் படிக்கிறவருக்கு: ஒரு தேடலின் முடிவு பெரிய சேதியல்ல, ஆயிரம் தேடல்களைச் சேர்த்துப் பார்த்தால்தான் கதை. விற்ற தேதிக்கும் பிடிபட்ட தேதிக்கும் உள்ள இடைவெளியைக் கணக்கிடுங்கள். மூன்று ஆண்டுக்குள் என்றால் கடத்தல் என்று சந்தேகிக்க இடமுண்டு. அதோடு ஒரே ஆள் ஒரே மாடலில் நாலைந்து வாங்கி, அவை வெவ்வேறு கைகளில் பிடிபட்டிருந்தால் பினாமி வாங்கல் என்று கிட்டத்தட்ட எழுதிவிடலாம். ஐந்து வேலைநாளுக்குள் ஒருவருக்கு இரண்டு கைத்துப்பாக்கி விற்றாலே கடைக்காரர் அதைத் தெரிவிக்கும் 3310.4 படிவம் அனுப்ப வேண்டும், அதையும் ஒப்பிடுங்கள்.

அந்த அறிக்கைப்படி சுமார் 60 சதவீதம் வெளிமாநிலத்துத் துப்பாக்கி. பக்கத்து மாநிலமான இந்தியானா மட்டும் மொத்தத்தில் 21 சதவீதம். ஆனால் வெளிமாநிலத்தாருக்குக் கடைக்காரர் நேரடியாகக் கைத்துப்பாக்கி விற்கச் சட்டம் இடம் தராது. ஆகவே அங்கே கடையில் வாங்கியவர் இந்தியானாவாசி, அல்லது அப்படிச் சொல்லிக்கொண்டவர். தனியார் விற்பனைக்கு இந்தியானாவில் பின்புலச் சோதனை வேண்டியதில்லை, அதனால் அடுத்த கை ஏட்டில் ஏறாது.

ஒரு கடைப் பெயர் அடிக்கடி வந்தால் உடனே குற்றவாளி ஆக்காதீர்கள், அதிகம் விற்கிற கடை அதிகம் தென்படத்தான் செய்யும். விற்பனை எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். அந்த எண்ணிக்கை கையில் கிடைப்பதுதான் கஷ்டம். கடைவாரியான தேடல் தரவையும் ஏ.டி.எஃப். பொதுவில் தர 2003-ல் வந்த டியார்ட் திருத்தம் தடை போடுகிறது. சிகாகோ தன் போலீசின் தரவை வைத்து எழுதியதால்தான் கடைப் பெயர்கள் வெளியே வந்தன.

தடயன்:
எண்ணே இல்லாத பேய்த் துப்பாக்கிக்கு மேலே சொன்ன எதுவும் உதவாது. அதற்குச் சுட்ட இடத்தில் கிடக்கும் காலித் தோட்டாதான் தடயம். காலித் தோட்டாக்களில் விழுந்த தடங்களை ஒப்பிடும் நிபின் தரவுத்தளம் இரண்டு சம்பவங்களில் ஒரே துப்பாக்கி வெடித்ததா என்று சொல்லும், எந்தக் கடை என்று சொல்லாது.