பத்தொன்பது பேர், நான்கு குளியலறை, ஒரு திருவையாறு

(ராகப் பெயர்களில் பழகும் எங்கள் இணையக் குழுவில் 2025இல் எழுதிக்கொண்டவை)

கரகரப்ரியா, சென்னை

திருவையாற்றில் அடுத்த தியாகராஜர் ஆராதனை 2026 ஜனவரி 7, புதன்கிழமை வருகிறது. போகலாமா என்று கேட்ட இரண்டே நாளில் இருபத்தாறு பேர் கை தூக்கியிருக்கிறீர்கள். மகிழ்ச்சிதான். ஆனால் சென்ற முறை பத்தொன்பது பேரை அழைத்துப்போய்த் திரும்பிய பிறகு ஒரு வாரம் எனக்குக் கழுத்து திரும்பவில்லை. ஆகவே பெயர் கொடுப்பதற்கு முன், சென்ற முறை வந்தவர்கள் தங்களுக்கு நேர்ந்ததை ஒளிக்காமல் எழுதுங்கள். பாட்டு எப்படி இருந்தது என்று வேண்டாம். அதை வருடம் முழுக்கப் பேசித் தீர்த்தாயிற்று. எதில் வந்தீர்கள், எங்கே படுத்தீர்கள், யாரைப் பார்த்து அசந்துபோனீர்கள், அதுதான் வேண்டும். நானே தொடங்கிவைக்கிறேன்.

2020 ஊரடங்கில் ராகம் கண்டுபிடிக்கும் விளையாட்டாகத் தொடங்கியவர்கள் நாம். ஆளுக்கொரு ராகத்தின் பெயர். யாருக்கு எந்தப் பாடகர் உயிர், யார் மிருதங்கக்காரரின் தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்து காபி குடிக்கப் போகிறவர், யாருடைய கமகத்தைப் பற்றி வாய் திறந்தால் சண்டை வரும் என்பதெல்லாம் நமக்கு அத்துப்படி. வயது மட்டும் தெரியாது. ரயில் டிக்கெட் எடுக்க உட்கார்ந்தபோது பெயர், வயது, பாலினம் என்று மூன்று கட்டம் நிரப்ப வேண்டியிருந்ததால் எல்லாரிடமும் கேட்டேன். அன்றிரவு வந்த பதில்களைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான்கு வருடமாக "முகாரி மாமா" என்று நான் அழைத்துவந்தவருக்கு வயது 23. "தம்பி, கொஞ்சம் நிதானமாக எழுதுங்கள்" என்று நான் இரண்டு முறை கண்டித்த பேகடாவுக்கு 74.

அந்த வயதுதான் அடுத்த தலைவலி. சென்னையிலிருந்து பதினொரு பேர். ஒரு டிக்கெட்டில் ஆறு பேர் வரை போடலாம் என்பதால் இரண்டு டிக்கெட்டில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அப்போது என் அக்கா ஒரு விஷயம் சொன்னாள். அறுபது கடந்த ஆண்களுக்கும் நாற்பத்தைந்து கடந்த பெண்களுக்கும் கீழ்ப் படுக்கைக்கென்று தனி ஒதுக்கீடு உண்டு. ஆனால் அதைக் கேட்பவர் தனியாகவோ, அந்த வயதைக் கடந்த இருவராகவோதான் அந்த டிக்கெட்டில் இருக்க வேண்டும். ஆறு பேரோடு சேர்த்துப் போட்டால் ஒதுக்கீடு போயிற்று, எழுபது வயதுக்காரர் மேல் படுக்கைக்கு ஏற வேண்டியதுதான். எனவே முழங்கால் வலிக்காரர்களை இரண்டிரண்டாகப் பிரித்தேன். ஸ்வரம் பிரிப்பது இதைவிட எளிது.

போனது 2025 ஜனவரி 17 இரவு, தஞ்சாவூர் போகும் உழவன் எக்ஸ்பிரஸில். பொங்கலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் அதற்குள் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டிருந்ததால் டிக்கெட் சுலபமாகக் கிடைத்தது. திரும்புவதுதான் 19, ஞாயிற்றுக்கிழமை இரவு. பொங்கல் விடுமுறை முடிகிற நாள். தமிழ்நாட்டில் பாதி சென்னைக்குத் திரும்புகிற அந்த இரவை ஏன் தேர்ந்தெடுத்தேன் என்று கேட்காதீர்கள்; பஞ்சாங்கத்தில் ஆராதனைத் திதியான பகுள பஞ்சமியை மட்டும் பார்த்தேன், பக்கத்துக் கட்டங்களைப் பார்க்கவில்லை. அறுபது நாள் முன்னால், நவம்பர் 20 காலை எட்டு மணிக்கு விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். நான்கு பேருக்கு இடம் கிடைத்தது. ஐந்தாவது பெயர் அடிக்கும்போதே காத்திருப்போர் பட்டியல். அந்த நான்கையும் முழங்கால்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு மற்ற ஏழு பேரும் வேனில் வந்தோம். செங்கல்பட்டைத் தாண்டுவதற்குள் விடிந்துவிட்டது. வழி நெடுக ஒருவரும் பாடவில்லை.

தங்கிய கதையைச் சஹானா எழுதட்டும். அந்தப் பாவம் முழுக்க அவள் தலையில்தான் விழுந்தது.

சஹானா, திருவையாறு

அக்கா பாவம் என்று எழுதியிருப்பதால் உண்மையையே எழுதுகிறேன்.

தஞ்சாவூரில் ஒரு விடுதியில் ஏழு அறைக்கு முன்பணம் கட்டியிருந்தோம். பத்து நாள் முன்னால் கூப்பிட்டு, "கல்யாணக் கூட்டம் மொத்தமாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள், பணத்தைத் திருப்பித் தருகிறோம்" என்றார்கள். பணம் வந்தது. அறை? ஆராதனைக்குப் பத்து நாள் இருக்கும்போது திருவையாற்றைச் சுற்றி அறை தேடுவது தீபாவளிக்கு முதல்நாள் தையற்காரரிடம் துணி கொடுப்பது போல.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சிறிய கல்யாண மண்டபம் இருக்கிறது. மார்கழி முழுக்கப் பூட்டிக் கிடந்ததால் பெருக்கித் தருவதற்கே இரண்டு நாள் கேட்டார்கள். வெள்ளி மாலை முதல் சனி மாலை ஆறு மணி வரைதான் தர முடியும், ஞாயிறு காலையில் ஒரு காதுகுத்து இருக்கிறது, சமையல்காரர்கள் முந்தின நாளே வந்துவிடுவார்கள் என்றார் காவலாளித் தாத்தா. சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

போய்ப் பார்த்தபோது நான் முதலில் எண்ணியது மின்விசிறிகளை அல்ல, குளியலறைகளை. நான்கு. அதில் ஒன்றில் தாழ்ப்பாள் இல்லை, சணல் கயிறுதான். உட்காரும் கழிப்பறை ஒன்றே ஒன்று, அது மணமகள் அறைக்குள். முழங்கால்காரர்கள் நான்கு பேரையும் மணமகள் அறைக்கு ஒதுக்கினேன். பேகடா சார் அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். "எனக்கு மணமகன் அறை இல்லையா?" என்று கேட்டார். மணமகன் அறை மாடியில்.

பாய், தலையணை, போர்வை வாடகைக்கு எடுத்தோம். தலையணை உறைகளில் பழைய தேங்காயெண்ணெய் வாசம். வீட்டுப் புடவைகள் பத்தொன்பதைத் துவைத்துக் காயவைத்து ஒவ்வொரு தலையணை மேலும் மடித்துப் போட்டேன். பதினெட்டுதான் இருந்தது, பத்தொன்பதாவது என் மாமியாரின் ஒன்பது கஜம். அது யாருக்குப் போயிற்று என்று இன்றுவரை தெரியாது, திரும்பி வந்துவிட்டது.

காலைக் குளியல் நான் பயந்த அளவுக்கு ஆகவில்லை. காவிரியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. பாதிப் பேர் புஷ்ய மண்டபப் படித்துறைக்குத் துண்டோடு கிளம்பிவிட்டார்கள்.

சனி இரவுதான் நாடகம். மண்டபத்தைக் காலி செய்து எல்லாரும் எங்கள் வீட்டுக் கூடம், மாடி, எதிர்வீட்டுத் திண்ணை என்று பிரிந்து படுத்தோம். கூடத்தில் படுத்த ஒருவருக்குத் தம்பூரா ஒலி இல்லாவிட்டால் தூக்கம் வராதாம். கைப்பேசியில் போட்டுத் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். பக்கத்தில் படுத்தவர் அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்து உட்கார்ந்தார். சத்தம் தொந்தரவு என்று சொல்வார் என்று நினைத்தேன். "பஞ்சமம், அந்தப் 'ப' ஸ்வரம், இறங்கியிருக்கிறது, இதைக் கேட்டுக்கொண்டு எப்படித் தூங்குவது?" என்றார். இருவருமாக விளக்கைப் போட்டுச் சுருதி கூட்டினார்கள். இரவு ஒன்றேகால் மணி. என் கணவர் மறுநாள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்குக் கவலையாக இருந்தது.

முகாரி, கோயம்புத்தூர்

அந்த 23 வயது மாமா நான்தான். இப்போது 24.

தாத்தா வளர்த்த பிள்ளை, அதனால் எழுத்தில் அந்த வாடை வந்துவிடும். மாமா என்று அழைத்ததை மறுத்தால் மரியாதை குறைந்துவிடுமோ என்று விட்டுவிட்டேன்.

கோவையிலிருந்து திருச்சி, அங்கிருந்து தஞ்சாவூர் என்று இரண்டு பஸ் மாறி வெள்ளி இரவு முழுக்கப் பயணம். திருச்சி பஸ் புதிய பேருந்து நிலையத்தில் விட்டது. திருவையாறு பஸ்ஸுக்குப் பழைய பேருந்து நிலையம் போக வேண்டும் என்று சஹானா அக்கா தெளிவாக எழுதியிருந்தார், நான்தான் படிக்கவில்லை. ஒரு வழியாகப் பழைய நிலையம் வந்து சேர்ந்தபோது மணி ஆறு. டீக்கடையில் நின்றேன். எனக்கு முதுகைக் காட்டி ஒரு பெரியவர், குரங்குக் குல்லாய், மடித்துக் கட்டிய வேட்டி, காலடியில் ரெக்சின் பை. கடைக்காரரிடம், "சர்க்கரை கம்மி என்றால் இல்லை என்று அர்த்தமில்லை" என்றார். அவ்வளவுதான் பேசினார். அந்த "இல்லை"யில் லகரத்தை ஒரு அழுத்து அழுத்துவார் பாருங்கள், ரீதிகௌளையையும் ஆனந்தபைரவியையும் நான் குழப்பியபோது குரல் பதிவில் என்னை அறைந்த அதே லகரம்.

"பேகடா சார்?" என்றேன்.

திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ யார் பையன்?"

"முகாரி."

டம்ளரைப் பலகையில் வைத்தார். நான்கு வருடமாக "ஐயா, தாங்கள் சொல்வது பிழை" என்று என்னோடு தர்க்கம் செய்தவர். என்னைத் தன் வயதுக்காரன் என்று நினைத்திருந்தாராம். ஒன்றும் பேசாமல் எனக்கும் ஒரு டீ சொன்னார். டவுன் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று ஒவ்வொரு பாலமாகக் காட்டிக்கொண்டு வந்தார். ஐந்து ஆறு ஓடுவதால் ஐயாறு என்று ஊர்ப்பெயர் வந்ததைச் சொன்னார். காவிரிப் பாலம் வந்தபோது மட்டும் சொல்லவில்லை, குல்லாயைக் கழற்றினார்.

பேகடா, சென்னை

கழற்றியது வேர்த்ததால்.

என் தரப்பையும் பதிவு செய்கிறேன். முதலாவது, உழவனில் எனக்குக் கீழ்ப் படுக்கை வாங்கித் தரச் சொல்லி நான் கேட்கவில்லை. கிடைத்ததை ஒரு கைக்குழந்தைக்காரிக்குக் கொடுத்துவிட்டு மேலே ஏறினேன். இறங்கத்தான் முடியவில்லை, தஞ்சாவூரில் இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். மற்றவர்கள் ஆட்டோ பேசிக்கொண்டிருந்தபோது அந்த வெட்கத்தில்தான் தனியாகப் பழைய பஸ் நிலையத்துக்கு நழுவினேன்.

இரண்டாவது, கணக்கு. தலைக்கு 2,140 ரூபாய் ஆயிற்று. கரகரப்ரியா ஒரு காகிதத்தில் பைசா வரை எழுதிக் காட்டியது. ஆனால் சஹானா வீட்டில் சனி இரவு சாப்பிட்ட அரிசி உப்புமாவும் கத்தரிக்காய் கொத்சும் அந்தக் காகிதத்தில் இல்லை. கேட்டால் வருத்தப்படுவாள் என்று அசோகா அல்வா ஒரு கிலோ வாங்கி வைத்துவிட்டு வந்தேன். பத்தொன்பது பேரில் பதினான்கு பேர் இதையே செய்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது.

சஹானா, திருவையாறு

பதினான்கு கிலோ பாசிப்பருப்பு இனிப்பு. ஊருக்கெல்லாம் கொடுத்தும் மாசி வரை இருந்தது. அடுத்த முறை தயவுசெய்து யாராவது காரம் வாங்குங்கள்.

நாட்டைக்குறிஞ்சி, பெங்களூரு

நான் மைசூரு ரயிலில் தனியாக வந்தவள். எனக்கு ஏற்பாட்டில் ஒரு குறை உண்டு. பந்தலில் எங்கே சந்திப்பது என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. "மேடைக்குப் பக்கத்தில்" என்று எழுதியிருந்தீர்கள். ஒன்பது மணிக்குப் பஞ்சரத்தினம், அதாவது ஐந்து ராகங்களில் தியாகராஜரின் ஐந்து கிருதிகள், தொடங்கும்போது மேடைக்குப் பக்கத்தில் ஆயிரம் பேர். கைப்பேசியில் சமிக்ஞை இல்லை. நாட்டை முடிந்து கௌளை எடுக்கும்வரை கழுத்தை எட்டி எட்டி உங்களைத் தேடிக்கொண்டிருந்தேன். பிறகு விட்டுவிட்டேன். பக்கத்தில் ஓர் அம்மாள், கையில் ஓரம் கிழிந்த நோட்டுப் புத்தகம். ஆரபியில் எனக்கு ஒரு சரணம் தவறியது. தலையைத் திருப்பாமல் நோட்டை மட்டும் என் பக்கம் நகர்த்தி, விரலால் வரியைக் காட்டினார். ஸ்ரீராகம் முடியும்வரை அந்த விரல் எடுக்கப்படவில்லை. முடிந்ததும் கூட்டத்தில் போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் நாகரத்தினம்மாவின் சமாதி நினைவுக்கு வந்தது. பெங்களூரு நாகரத்தினம்மா என்று பெயரிலேயே எங்கள் ஊரைச் சுமந்த பாடகி. தன் பணத்தைப் போட்டு இங்கே தியாகராஜருக்குச் சந்நிதி கட்டினார். பெண்களுக்கு இங்கே பாட இடமில்லை என்று இருந்த காலத்தில், பெண்களைத் திரட்டித் தனியே பாடவைத்தார். 1952இல் போனவர், இன்றும் தியாகராஜரைப் பார்த்தபடி எதிரே உட்கார்ந்திருக்கிறார். அங்கே போனால் நம் குழுவில் ஆறு பெண்கள் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லி வைக்கவில்லை. இனி சந்திக்கும் இடம் அதுவாகவே இருக்கட்டும், மேடைப் பக்கம் வேண்டாம்.

கரகரப்ரியா, சென்னை

சரி, குறித்துக்கொண்டேன். இம்முறை ஆராதனை மார்கழியிலேயே வந்துவிடுகிறது, பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கிறது. மண்டபங்கள் சும்மா கிடக்கும், காதுகுத்தும் இருக்காது. சஹானா, அதே மண்டபத்தை மூன்று இரவுக்குப் பேசிவிடு, தாழ்ப்பாளை மட்டும் போடச் சொல்.

ஜனவரி 6 இரவு ரயிலில் போகிறவர்களுக்கு நவம்பர் 7 காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறக்கிறது. இந்த 2025 அக்டோபர் முதல், திறந்த முதல் பதினைந்து நிமிடம் ஆதார் இணைத்த கணக்கில்தான் எடுக்க முடியும். இணைக்காதவர்கள் இந்த வாரமே இணைத்துக்கொள்ளுங்கள். பெயர் கொடுக்கும்போது வயது, முழங்கால் நிலை, குறட்டை உண்டா, தம்பூரா வேண்டுமா, வேண்டுமென்றால் எந்தக் கட்டைச் சுருதி என்று எழுதுங்கள். ஒரே சுருதிக்காரர்களை ஒரே அறையில் போடுகிறேன்.

பேகடா சார், உங்கள் டிக்கெட்டில் இம்முறை முகாரியையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். சேர்த்தால் உங்கள் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு போய்விடும், அவன் வயது 24. அதோடு அவன் கோயம்புத்தூரிலிருந்து வருகிறவன்.